ஒரு தேக்கரண்டித் தண்ணீர்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று காலை நான் செய்த முதல் காரியம், அவருக்குக் காபி கலந்து கொடுத்ததுதான். கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து ரேஸர் நழுவி வாஷ்பேசினில் விழுந்த சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது மணி 6:10. வாயின் வலது ஓரம் சற்றே இறங்கியிருந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. ஏதோ சொல்ல முயன்றார், நாக்கு குழறியது. "ராத்திரி சரியாவே சாப்பிடல, பித்தம் ஏறியிருக்கும், சூடா ஏதாவது குடு" என்றார் அம்மா. நாற்காலியில் உட்காரவைத்து, டம்ளரை நானே அவர் உதட்டில் வைத்துச் சாய்த்தேன். இரண்டாவது மிடறிலேயே இருமத் தொடங்கினார். புரையேறிவிட்டது என்று உச்சந்தலையில் தட்டிக்கொடுத்தேன்.

இதை எழுத உட்காருவதற்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் மருத்துவ ஆய்வுகள் எந்தக் கணக்கின் மேல் நிற்கின்றனவோ, அந்தக் கணக்கைத்தான் இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். ஆகவே அப்பா படுக்கையில் இருந்த மாதங்களில், இரவு அவர் தூங்கிய பிறகு, பக்கவாதம் பற்றிய ஆய்வுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. எந்த நேரத்தில் எங்கள் உழைப்பு பெரிதாக உதவும் என்று நாங்கள் நம்பினோமோ, அந்த நேரத்தில் அது அவ்வளவாக உதவவில்லை. எந்த நேரத்தில் சிறு சிறு செயல்கள் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியிருக்குமோ, அந்த நேரத்தில் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

அந்த நேரம் காலை 6:10-க்குத் தொடங்கவில்லை. பதினோரு நாட்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வங்கியில் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போடும்போது அப்பாவின் கையிலிருந்து பேனா விழுந்தது. எடுத்துக் கொடுத்தால் பிடிக்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் பேரேடு எழுதிய கை அது. "வயசாகுதுல்ல" என்று அவரே சிரித்துக்கொண்டார், நாங்களும் விட்டுவிட்டோம். தானாக வந்து தானாகவே போய்விடும் இந்தத் தற்காலிகத் தாக்குதலைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராத்வெல் குழுவினர் நடத்திய 'எக்ஸ்பிரஸ்' ஆய்வு 2007-இல் வெளியானது. இப்படிப்பட்டவர்களுக்கும் லேசான பக்கவாதம் வந்தவர்களுக்கும் வழக்கம்போலத் தாமதமாகச் சிகிச்சை தொடங்கிய கட்டத்தில், 90 நாட்களுக்குள் மறுபடியும் பக்கவாதம் வந்தவர்கள் 10.3 சதவீதம். அன்றன்றே பரிசோதித்து அன்றன்றே மாத்திரைகளைத் தொடங்கிய அடுத்த கட்டத்தில் அது 2.1 சதவீதமாக இறங்கியது. புதிதாக எந்த மருந்தும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஏற்கெனவே இருந்த ஆஸ்பிரின், பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை போன்றவற்றை முன்கூட்டிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் நான் மடிக்கணினியை மூடவில்லை.

காலை ஒன்பது மணிவரை அப்பாவைப் படுக்கவைத்திருந்தோம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நம்பினோம். எழுந்தபோது வலது கையும் காலும் அசையவில்லை. பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே சிடி ஸ்கேன் இல்லை. டிரிப்ஸ் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள், பிறகு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மதுரையில் ஸ்கேன் எடுத்து முடித்தபோது மணி 11:40. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்பதுதான். 6:10 என்று நான் சொன்னதும் அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் ஏன் பார்த்தார் என்பது பிறகுதான் புரிந்தது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டாலும் கை கால் விழுந்துவிடும், குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் விழுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்கேன்தான் சொல்லும். அடைப்பு என்றால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. கசிவு என்றால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடக்கூடும். 1995-இல் அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, மூன்று மணி நேரத்துக்குள் அந்த ஊசியைப் போட்டால் மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்துடனோ இருப்பவர்கள் கூடுகிறார்கள் என்று காட்டியது. ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளைக்குள் இரத்தக்கசிவால் நிலைமை மோசமானது என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது. 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. எங்கள் எல்லை 10:40-க்கு முடிந்துபோயிருந்தது. கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை இன்னும் தாமதமாக வருகிறவர்களுக்கும் சில சமயம் கைகொடுக்கிறது. ஆனால் அது பெரிய குழாய்களில் அடைப்பு உள்ளவர்களுக்கே பொருந்தும், அப்பாவுக்கு அடைபட்டிருந்தது சிறிய கிளை ஒன்று.

அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. பெரிய குழாய் அடைபட்டவர்களின் சராசரி அது. அதை எடுத்து அப்பாவின் ஐந்தரை மணி நேரத்தோடு பெருக்கிப் பார்க்கும் வேலையை ஓர் இரவு செய்தேன். சராசரியைத் தனி ஒருவர் மேல் பொருத்தாதீர்கள் என்று மாணவிகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுக்கும் நான்தான் அதைச் செய்தேன்.

வார்டுக்கு மாற்றியதும் அம்மா இளநீரோடு வந்தார். அங்கிருந்த மூத்த செவிலியர் தடுத்துவிட்டார். "வாய் வழியா ஒண்ணும் குடுக்காதீங்கம்மா, நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அப்பாவின் முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு தேக்கரண்டித் தண்ணீரை அவர் வாயில் விட்டார். இரண்டு விரல்களைத் தொண்டை மேல் வைத்துக்கொண்டு, குரல்வளை ஏறி இறங்குகிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு "அய்யா, ஆ சொல்லுங்க" என்றார். அப்பா சொன்ன 'ஆ' தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொழகொழவென்று இருந்தது. அவ்வளவுதான் சோதனை. அன்றே மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள்.

பக்கவாதத்தில் கை கால் விழுவது எல்லோருக்கும் தெரிகிறது, தொண்டை விழுவது தெரிவதில்லை. விழுங்கும் தசைகள் ஒத்துழைக்காதபோது குடிப்பது உணவுக் குழாய்க்குப் போகாமல் மூச்சுக் குழாய்க்குள் இறங்கிவிடும். சிலருக்கு இருமல்கூட வராது, சத்தமே இல்லாமல் இறங்கும். அங்கிருந்து நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். பக்கவாதம் வந்தவர்களை முதல் வாரங்களில் கொண்டுபோய்விடும் காரணங்களில் இது முக்கியமானது. அப்பாவுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தது. அந்தக் காபியால்தான் என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் படித்தவற்றிலேயே என்னை மிகவும் உலுக்கிய ஆய்வு இதைப் பற்றியதுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் சாண்டி மிடில்டன் என்ற செவிலியர் பேராசிரியரின் தலைமையில் நடந்து, 2011-இல் லான்செட் இதழில் வெளியானது. நோயாளிகளைப் பிரிக்காமல் மருத்துவமனைப் பிரிவுகளையே சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் செவிலியர்களுக்கு மூன்று காரியங்களில் பயிற்சி கொடுத்தார்கள்: முதல் மூன்று நாட்கள் காய்ச்சலைத் தவறாமல் அளந்து உடனே தணிப்பது, சர்க்கரையை அளந்து கட்டுக்குள் வைப்பது, விழுங்கும் சோதனை செய்யாமல் வாய்வழி எதையும் கொடுக்காதிருப்பது. தொண்ணூறாம் நாளில் இறந்துபோயிருந்தவர்கள் அல்லது அன்றாட வாழ்க்கையில் குறைபாட்டுடன் இருந்தவர்கள், மற்றப் பாதியில் 58 சதவீதம், பயிற்சி கொடுத்த பாதியில் 42 சதவீதம். வெப்பமானி, குளுக்கோமீட்டர், தேக்கரண்டி, இவற்றைக் கையாளத் தெரிந்த செவிலியர்கள் ஆகியவை சேர்ந்து உண்டாக்கிய பதினாறு சதவீதப் புள்ளி இடைவெளி அது. விலையுயர்ந்த மருந்துகளின் ஆய்வுகளில் நான்கைந்து புள்ளி வித்தியாசம் வந்தாலே நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இடம் கிடைத்துவிடும் நிலையில், இந்த ஆய்வு எங்கள் ஊர்ப் பக்கம் யாருடைய காதிலும் விழவில்லை என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இரண்டாம் நாளே உறவினர்கள் வந்துவிட்டார்கள். "படுக்கவே விடாதீங்க, தூக்கி நடக்க வையுங்க, இல்லன்னா படுத்த படுக்கையாயிடும்" என்று பெரியப்பா பிடிவாதமாக நின்றார். அன்பினால்தான் சொன்னார். செவிலியர் இல்லாத நேரமாகப் பார்த்து, விழுந்த கையைப் பிடித்து இழுத்து அப்பாவை உட்காரவைத்தார்கள். தசை பிடிமானம் இல்லாத தோள் மூட்டு அன்று இறங்கியது. கை திரும்பி வருவதற்கு முன்பே தோள்வலி வந்து, மாதக்கணக்கில் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது நல்லது என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. அதைச் சோதித்துப் பார்த்ததுதான் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்து 2015-இல் வெளிவந்த 'அவெர்ட்' ஆய்வு. முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, வழக்கத்தைவிட அதிகமாக எழுப்பி நடக்கவைத்த குழுவில் நன்றாகத் தேறியவர்கள் 46 சதவீதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவீதம். உழைப்பைக் கூட்டியதால் பலன் குறைந்தது. பெரியப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் இரத்த ஓட்டம் வந்துவிடும் என்று ஆளையே கையோடு அழைத்துவந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் வாரம் மூன்று நாள் வந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் செலவு தாங்கவில்லை. அவரிடமே கேட்டுக் கற்றுக்கொண்டு நானே செய்யத் தொடங்கினேன். காலையில் கல்லூரிக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்குவது, பாதத்தை நேராக்குவது, கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து எடையை இடமும் வலமுமாக மாற்றச் சொல்வது. செய்த நாளைக் காலண்டரில் டிக் அடிப்பேன். தவறிய நாளில் ஒரு சுழி. சுழிகள் என்னைக் குத்திக்கொண்டே இருந்தன.

பேச்சு வேறு விதமாகப் போயிருந்தது. எதைக் கேட்டாலும் "ஆமா" என்றார். தண்ணீர் வேண்டுமா, ஆமா. வேண்டாமா, ஆமா. சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவருக்கே தெரிந்தது, கண் கலங்கியது. ஒரு மாலை அலுப்பில் நான் எட்டாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்தேன். "ஓரெட்டு எட்டு" என்றதும் அப்பா "ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்து நாலு" என்று பிசிறில்லாமல் எண்பது வரை சொல்லி முடித்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். மனப்பாடமாகப் பதிந்தவை பலருக்கு இப்படித் தப்பிவிடுவதுண்டு, யோசித்துச் சொல்லவேண்டிய சொற்கள்தான் தட்டுப்படாது என்று பேச்சுப் பயிற்சியாளர் பிறகு விளக்கினார். வாய்ப்பாட்டை நடுவில் நிறுத்தி "ஆறெட்டு?" என்று தனியாகக் கேட்டால் பதில் வரவில்லை. அது வருவதற்கு ஐந்து மாதம் ஆனது.

ஆறாவது மாதம் முடிந்த வாரத்தில்தான் 'அட்டென்ட்' ஆய்வு என் கண்ணில் பட்டது. ரிச்சர்ட் லிண்ட்லி, ஜெயராஜ் துரைப்பாண்டியன் முதலானோர் இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடத்தி 2017-இல் லான்செட்டில் வெளியிட்டது. பிசியோதெரபிஸ்ட்டுகள் போதாத நாட்டில், வீட்டில் ஒருவருக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து அவரையே செய்யவைத்தால் நோயாளி தேறுவாரா என்பதுதான் கேள்வி. நான் என்ன செய்துகொண்டிருந்தேனோ, அதே கேள்வி. மருத்துவமனையிலேயே பயிற்சியைத் தொடங்கி, வீட்டில் இரண்டு மாதம்வரை தொடர்ந்தார்கள். ஆறு மாத முடிவில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்தே வாழ்பவர்கள், பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம். பயிற்சி பெறாதவற்றிலும் 47 சதவீதம்.

அந்த அட்டவணையை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. முதலில் வந்தது கோபம். இரண்டு நாள் காலண்டரைத் தொடவில்லை. பிறகுதான் வகுப்பில் பேசுவதுபோல் எனக்கு நானே பேசிக்கொண்டேன். இந்த எண், குடும்பத்தின் உழைப்பு வீண் என்று சொல்லவில்லை. ஒப்பீட்டுக்கு வைத்த குழுவிலும் இந்தியக் குடும்பங்கள்தான் இருந்தன. யாரும் சொல்லிக்கொடுக்காமலே மகளும் மருமகளும் மனைவியும் அங்கேயும் கையைப் பிடித்துவிட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அந்த உழைப்பின் மேல் இன்னும் கொஞ்சம் பயிற்சியை ஏற்றிவைத்தால் கூடுதல் பலன் இல்லை என்றுதான் எண் சொல்கிறது. ஆய்வாளர்களும் அதைத் தயக்கமின்றி எழுதியிருக்கிறார்கள்: மறுவாழ்வுப் பணியைக் குடும்பத்தாரின் தோளுக்கு மாற்றும் திட்டங்களில் முதலீடு செய்ய இந்த முடிவு இடம்தரவில்லை. பயிற்சி பெற்ற ஆள் செய்யவேண்டிய வேலையை, ஆள் இல்லை என்பதற்காக வீட்டுப் பெண்களிடம் தள்ளிவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வைப்பதை இனிமேல் யாராவது செய்தால், இந்த ஆய்வை அவர்கள் முன்னால் எடுத்துவைக்க வேண்டும். காலண்டரில் இருந்த சுழிகளும் அதன்பிறகு என்னைக் குத்தவில்லை.

இந்த ஆய்வுகள் நோயாளியின் நிலையை அளக்கப் பயன்படுத்தும் படிநிலை, 1957-இல் கிளாஸ்கோவில் ஜான் ராங்கின் என்ற மருத்துவர் வகுத்ததன் திருத்திய வடிவம். பூச்சியம் என்றால் எந்தக் குறையும் இல்லை, ஆறு என்றால் மரணம். அப்பாவை நானே அளந்து பார்த்தேன். துணையில்லாமல் நடக்கிறார், வேட்டி கட்டவும் குளிக்கவும் ஆள் வேண்டும், ஆகவே மூன்று. அட்டென்ட் ஆய்வில் சேர்ந்திருந்தால் அவர் அந்த 47 சதவீதத்துக்குள்தான் வந்திருப்பார். 'ஆறெட்டு?' என்று கேட்டதும் அவர் 'நாற்பத்தெட்டு' என்ற அந்த நாளும் மூன்றுதான், அதற்கு முந்தைய நாளும் மூன்றுதான். ஆயிரம் பேரை ஒப்பிட அப்படி ஓர் அளவுகோல் தேவை என்பதை நான் மறுக்கமாட்டேன். அதைப் படிக்கும்போது மகளாக இருப்பதுதான் கடினம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது இரத்த அழுத்தம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஓடானல், சலீம் யூசுஃப் ஆகியோர் வழிநடத்திய 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு இந்தியா உட்பட 32 நாடுகளில், பக்கவாதம் வந்த 13,447 பேரை வராதவர்களோடு ஒப்பிட்டு 2016-இல் வெளிவந்தது. மாற்றிக்கொள்ளக் கூடிய பத்துக் காரணிகள் சேர்ந்து உலகளவில் ஏறத்தாழ 90 சதவீதப் பக்கவாதங்களோடு தொடர்புடையவை என்றது. உயர் இரத்த அழுத்தத்தின் பங்கு மட்டும் பாதியை நெருங்கியது. பக்கவாதம் வந்தவர்களில் பாதிப்பேருக்குப் பிரஷர் இருந்தது என்பதல்ல இதன் பொருள். மற்றவையெல்லாம் அப்படியே இருக்க, அந்த அழுத்தம் மட்டும் ஏறாமல் இருந்திருந்தால் ஏறத்தாழ பாதிப் பக்கவாதங்கள் வராமலே போயிருக்கும் என்ற மதிப்பீடு அது. அப்பா ஒன்பது வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர். முகாம் ஒன்றில் அளந்துவிட்டு "நார்மலா இருக்கே" என்று சொன்னார்கள். நார்மல்தான் ஆகிவிட்டதே என்று அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரையால்தான் அது நார்மலாக இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. அது நடந்து இரண்டு மாதத்தில் பேனா விழுந்தது.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடசீனாவில் 600 கிராமங்களில் சாதா உப்புக்குப் பதிலாக, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சமையலுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-இல் வெளியானது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் உப்பையே குறைத்தோம். அப்பளத்தையும் மோர்மிளகாயையும் நிறுத்தியதில் அப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான்.

அவருக்கு இப்போது இடது கையால் எழுத வருகிறது. எண்கள் மட்டும். பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கிவைத்திருக்கிறோம். நீளமான கணக்கு நோட்டில் அடிஸ்கேல் வைத்து அவரே கோடு கிழித்து, தேதி, மேல், கீழ் என்று மூன்று பத்தி பிரித்திருக்கிறார். தினமும் காலை, மாத்திரை போடுவதற்கு முன் அளந்து எழுதுகிறார். நேற்று 132, 84. அதற்குக் கீழே, தள்ளி, இன்னொரு வரி இருந்தது: 146, 92. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக என் கையில் பட்டையைச் சுற்றி அளந்தது அது. இரண்டு எண்களுக்கும் அடியில், பேரேட்டில் தவறான தொகைக்குப் போடுவதுபோல, சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். அப்பாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். நோட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஆமா" என்றார்.